கட்டணம் ஏத்தறதுக்கு தேதி இருக்கு, கரண்ட் போனா பதில் சொல்ல ஆள் யாருங்க?

சேர்வராயன்_காப்பி எழுதியது:

வணக்கம்ங்க எல்லாருக்கும். நான் ஏற்காட்டுக்கு மேல, சேர்வராயன் கோயில் போற பக்கம் ஒரு சின்ன ஊர்ல இருக்கேன். அப்பா காலத்துல இருந்து கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்ட மிளகு, அவ்வளவுதான் பொழப்பு, பெரிய எஸ்டேட் எல்லாம் கிடையாது. ரொம்ப நாளா மனசுல கிடக்கற ஒரு கேள்விய இங்க கேக்கறேன், விவரம் தெரிஞ்சவங்க பதில் போடுங்க.

காப்பிப் பழம் பறிச்ச அன்னிக்கே பல்ப்பர்ல ஓட்டி தோல் எடுத்தாகணும். ஒரு ராத்திரி சாக்குலயே கிடந்துச்சுன்னா உள்ள சூடேறி புளிக்க ஆரம்பிச்சிரும், அப்புறம் நீங்க எத்தன தண்ணி விட்டு அலசுனாலும் கொட்டைல அந்த வாடை போகாது, வாங்க வர்றவர் ஒரு பிடி அள்ளி மோந்து பாத்துட்டு ஒண்ணும் பேசாம ரேட்ட இறக்கிருவாரு. ஆளுங்க பறிச்சு, தலைச்சுமையா கொண்டாந்து, எடை போட்டு முடிக்கறதுக்கே சாயந்திரம் ஆகிரும். மோட்டார் போடற நேரமும் ஊரே லைட்டு போடற நேரமும் ஒண்ணு. கரண்ட் இருந்தாலும் வோல்டேஜ் இருக்காது, மோட்டார் உறுமிக்கிட்டே நிக்கும், சுத்தாது, அப்படியே விட்டா காயில் கருகிரும், அதனால ஆஃப் பண்ணிட்டு டார்ச் லைட்டு வச்சுக்கிட்டு பழத்த களத்துல பரப்பி விட்டுட்டு உக்காந்திருப்போம். பறிப்பு சீசன் பூரா இந்தக் கதைதான். போன் பண்ணா "லைன்ல ஃபால்ட்டுங்க, பாக்கறோம்"னு ஒரே பதில்.

மலைல காத்தும் மழையும் இருக்கும், மரம் சாயும், லைன் அறும், அத நான் குத்தமா சொல்லவே இல்ல. ராத்திரி மழைல கம்பத்துல ஏறி வேலை பாக்கறவங்கள நேர்ல பாத்திருக்கேன், அவங்க மேல ஒரு குறையும் இல்ல எனக்கு. நான் கேக்கறது வேற. எங்க லைன்ல வருஷத்துக்கு எத்தன தடவ போச்சு, மொத்தம் எவ்வளவு நேரம் போச்சு, ஏன் போச்சு, அடுத்த வருஷம் அப்படி ஆகாம இருக்க என்ன செய்யப் போறாங்க, இதுக்கு எழுத்துல பதில் சொல்ற ஆள் யாரு?

பணம் வாங்கற பக்கம் பாருங்க எவ்வளவு ஒழுங்கா இருக்குன்னு. 2022 செப்டம்பர்ல மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்த ஏத்துச்சு, அப்பவே வருஷா வருஷம் ஜூலைல விலைவாசி குறியீட்டுப்படி ஏறும், அதிகபட்சம் 6 சதவீதம்னு எழுதி வச்சாச்சு. அதே மாதிரி 2023ல 2.18 சதவீதம், 2024ல 4.83, 2025ல 3.16. 2023லயும் 2025லயும் வீட்டு இணைப்புக்கு அந்த ஏத்தத்த அரசாங்கமே ஏத்துக்கிச்சு, அது நல்ல விஷயம்தான், ஆனா அந்த மானியமும் நம்ம வரில இருந்துதான போகுது. விலைவாசி ஏறுனா கட்டணம் தானா ஏறணும்னு விதி போட முடியுதுல்ல, அப்ப சப்ளை மோசமானா யாராவது தானா வந்து பதில் சொல்லணும்னும் விதி போட முடியணும்ல? இருக்குதா அப்படி ஒரு விதி? இருந்தா நாங்க எங்க போய் நிக்கணும்?

கட்சி சண்டை வேண்டாம்ங்க, எல்லா ஆட்சிலயும் இதேதான் பாக்கறேன்.

---

பனங்காட்டுக் கொலுசு எழுதியது:

அண்ணா நீங்க எழுதுனத படிச்சதும் பதில் போடாம இருக்க முடியல. மேல நீங்க, கீழ சேலம் டவுன்ல நாங்க. எங்களுக்கு டவுன்ங்கறதால கட் கம்மி, ஆனா பில்லு வேற மாதிரி படுத்துது. இந்தக் கணக்க எத்தன பேர் போட்டுப் பாத்திருக்காங்கன்னு தெரியல, பொறுமையா பாருங்க. 2022 கட்டணத்துல வீட்டுக்கு ரெண்டு மாசத்துல சரியா 500 யூனிட் ஓடுச்சுன்னா 1725 ரூபா. அதே வீட்ல 510 யூனிட் ஓடுச்சுன்னா 2030 ரூபா. பத்து யூனிட்டுக்கு 305 ரூபா! ஏன்னா 500 தாண்டுன உடனே அந்தப் பத்து யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறல, 101ல இருந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2.25 கொடுத்துட்டு இருந்தது 4.50 ஆயிருது. அப்புறம் ரேட்டுங்க மாறுச்சு, ஆனா 500ல இருக்கற அந்தப் படிக்கட்டு அப்படியேதான் இருக்கு.

இப்ப யோசிங்க, ரீடிங் எடுக்கறவர் ஒரு வாரம் லேட்டா வந்தா என்ன ஆகும்? சித்திரை வெயில்ல சேலத்துல ஃபேன் ஆஃப் பண்ணி யாராவது தூங்க முடியுமா, 490ல நிக்க வேண்டியது 510க்கு மேல போயிரும். தப்பு யாரோடது, காசு யாரோடது. திமுக 2021 தேர்தல் அறிக்கைல மாசாமாசம் ரீடிங் எடுப்போம்னு சொல்லியிருந்தாங்க. மாசாமாசம் எடுத்தா பில்லு தானா கம்மியாயிரும்னு நெனைக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், ஸ்லாப்ப, அதாவது யூனிட் படிக்கட்ட, அப்படியே பாதியாக்கிட்டா பெருசா ஒண்ணும் குறையாது, ஆனா எவ்வளவு ஓடிருக்குன்னு நமக்கு மாசத்துலயே தெரிஞ்சிரும், லேட் ரீடிங்ல மாட்டிக்கறதும் குறையும். அதுக்காகவாவது வேணும். வாக்குக் கொடுத்தா அது எப்ப, ஏன் தாமதம்னு வருஷத்துக்கு ஒரு தடவையாவது சட்டசபைல சொல்லணும்.

என் தம்பி லேத் பட்டறை வச்சிருக்கான். கிலோவாட்டுக்கு மாசம் 35 ரூபாயா இருந்த நிலைக் கட்டணம் 2022ல சின்ன லோடுக்கே 75 ஆச்சு, அதுக்கு மேல லோடு இருந்தா இன்னும் அதிகம். ஆர்டர் இல்லாம மெஷின மூடி வச்சிருந்தாலும் கட்டணும். கூட பீக் ஹவர் கட்டணம் வேற. 2023 செப்டம்பர்ல சிறுதொழில்காரங்க ஒரு நாள் வேலைய நிறுத்துனது ஞாபகம் இருக்கும். எங்க தெருவுல கம்பி இழுக்கற மெஷின் சத்தம் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் கேக்கும், பொம்பளைங்க வீட்டு வாசல்ல உக்காந்து சலங்கை கோத்துக்கிட்டு இருப்பாங்க. மெஷின் நின்னா அன்னிக்கு கோக்க ஒண்ணும் வராது, அன்னிக்குக் கூலி இல்ல. கரண்ட் விலைய முடிவு பண்றவங்க இந்தக் கூலிய ஒரு தடவையாவது கணக்குல எடுத்தாங்களான்னு எனக்கு உண்மைலயே கேக்கணும்.

---

ஓய்வு_லைன்மேன் எழுதியது:

தம்பி, நான் இந்தத் துறைல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன். மலை லைன்லயும் வேலை பாத்திருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

மொதல்ல உங்க வோல்டேஜ் பிரச்சனை. ஒரு டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து எல்.டி. லைன், அதாவது வீட்டுக்கு வர்ற தாழ்வழுத்த லைன், ரொம்ப தூரம் இழுத்துட்டுப் போனா கடைசி வீட்டுக்குப் போறப்ப வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும், அதுல சாயந்திரம் எல்லாரும் லோடு போட்டா சொல்லவே வேண்டாம். இதுக்கு வழி ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல, நடுவுல இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வச்சு எல்.டி. தூரத்தக் குறைக்கணும், இல்ல கம்பிய கனமா மாத்தணும். எஸ்டிமேட் போட்டு மேல அனுப்பணும், நிதி ஒதுக்கணும், பொருள் வரணும். பொதுவா எஸ்டிமேட் போகும், பொருள் வராது. கீழ இருக்கற ஏ.ஈ.ய, அதாவது உதவிப் பொறியாளரத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, அவர் கையில சரக்கே இருக்காது.

மரம் விழறது அடுத்தது. மழைக்கு முன்னாடி கிளை வெட்டற வேலை வருஷா வருஷம் நடக்கணும். மலைல லைன் போற வழில பாதி தனியார் எஸ்டேட், மீதி வனத்துறை, கிளைய வெட்டணும்னா ரெண்டு பேர்கிட்டயும் கேக்கணும். மிளகு ஏத்துன சில்வர் ஓக் மேல கத்தி வைக்க ஓனர் விடமாட்டார், வனத்துறை அவங்க விதிய சொல்வாங்க, அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது. ஆள் வேற பத்தாது. நான் வேலைக்கு சேந்தப்ப ஒரு செக்‌ஷன்ல இருந்த கூட்டம் ரிட்டையர் ஆகறப்ப இல்ல, காலி இடம் காலியாவே கிடந்துச்சு, கான்ட்ராக்ட் பசங்கள வச்சு ஓட்டுனோம். எல்.சி., அதாவது லைன்ல கரண்ட நிறுத்தியாச்சுங்கற அனுமதி, வாங்கிட்டு கம்பத்துல ஏறுறவன் உயிரு கீழ நிக்கறவன் கையில இருக்கு, நிக்கறதுக்கு ஆளே இல்லன்னா எப்படி? கூட வேலை பாத்தவங்கள இழந்திருக்கேன், அதனால இத லேசா எடுத்துக்க முடியல என்னால.

ஆனா உங்க கேள்விக்கு நான் முக்கியமா சொல்ல வந்தது இதுதான். "எத்தன தடவ போச்சுன்னு யாருக்குத் தெரியும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சப்ஸ்டேஷன்ல லாக் ஷீட் இருக்கு. மணிக்கு மணி ஒவ்வொரு ஃபீடர்லயும், அதாவது சப்ஸ்டேஷன்ல இருந்து ஊருங்களுக்குப் போற ஒவ்வொரு பெரிய லைன்லயும், எத்தன ஆம்ப்ஸ் ஓடுதுன்னு எழுதுவோம். ஃபீடர் ட்ரிப் ஆனா எத்தன மணிக்கு, கோளாறு வந்தா லைன நிறுத்தற ரிலேல எது விழுந்துச்சு, எத்தன மணிக்கு திரும்ப சார்ஜ் பண்ணோம், எல்லாம் அதுல இருக்கும். ஷிஃப்ட் ஆபரேட்டர் கையெழுத்தோட. ஆக கணக்கு இருக்கு தம்பி. உங்க கண்ணுக்கு காட்டறதில்ல, அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸ் போறது, எல்.டி. கம்பி அறுந்து விழறது அந்த ஷீட்ல வராது, அதுக்கு புகார் நம்பர்தான் சாட்சி. அதனால கரண்ட் போனா செக்‌ஷன்ல தெரிஞ்சவருக்கு போன் போட்டு முடிச்சுக்காம மின்வாரியப் புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு போட்டு புகார் நம்பர் வாங்கி எழுதி வைங்க. தெரிஞ்சவர்கிட்ட சொன்னது எந்தக் கணக்குலயும் ஏறாது.

---

பதினாறு_கண்_மதகு எழுதியது:

மேட்டூர்ல இருந்து எழுதறேன். லைன்மேன் ஐயா சொன்ன லாக் ஷீட் விஷயத்த படிச்சதும் எனக்குத் தோணுனது இது. மேட்டூர் அணை நீர்மட்டம் எத்தன அடி, வரத்து எத்தன கனஅடி, திறப்பு எத்தன, இருப்பு எத்தன டிஎம்சின்னு தினமும் பேப்பர்லயும் டிவிலயும் வருது. தஞ்சாவூர்ல இருக்கற விவசாயி டீக்கடைல உக்காந்துக்கிட்டே 120 அடி அணைல இன்னிக்கு எவ்வளவு தண்ணி இருக்குன்னு சொல்வாரு. ஜூன் 12க்கு திறக்கலேன்னா மாநிலமே ஏன்னு கேக்குது, முதலமைச்சரே பதில் சொல்லியாகணும். ஏன்னா நம்பர் எல்லாருக்கும் தெரியும். கரண்ட்டுக்கும் அதே மாதிரி ஃபீடர் வாரியா தினக் கணக்கு வெளில வந்தா போதும், பாதி பிரச்சனைக்கு நாம சண்டை போட வேண்டியதே இருக்காது.

கூடவே இன்னொண்ணு, சப்ளை வந்தா மட்டும் போதும்னு இருந்துராதீங்க. அது எங்க இருந்து வருதுன்னும் கேளுங்க. மேட்டூர் அனல்மின் நிலையத்துல 210 மெகாவாட் யூனிட் நாலு, அப்புறம் 600 மெகாவாட் ஒண்ணு, மொத்தம் 1440. நிலக்கரி ஒடிசால இருந்து கப்பல் ஏறி, இறங்கி, ரயில் ஏறி இங்க வருது. அந்தக் கரி எரியறப்ப வர்ற கந்தகப் புகைக்கு மத்திய அரசு 2015 டிசம்பர்ல நாடு முழுக்க ஒரு வரம்பு வச்சுச்சு, ரெண்டு வருஷத்துல கருவி மாட்டணும்னு. 2017 போச்சு, தேதிய தள்ளுனாங்க, மறுபடி தள்ளுனாங்க, மறுபடியும் தள்ளுனாங்க, கடைசில 2025 ஜூலைல நாட்டுல இருக்கற பெரும்பாலான அனல் நிலையங்களுக்கு அந்த விதியே வேண்டாம்னு விலக்கு கொடுத்தாச்சு. பத்து வருஷம். ஒரு குழந்தை பொறந்து அஞ்சாங்கிளாஸ் போற வரைக்கும் விதி பேப்பர்லயே இருந்துட்டு அப்படியே போயிருச்சு. செலவு ஜாஸ்தி, கட்டணம் ஏறும்னு காரணம் சொல்றாங்க. சரி, ஆஸ்பத்திரி செலவு யார் பில்லுல ஏறுது? அத எந்த ஆணையம் கணக்கு பாக்குது? அனல் நிலையம் இருக்கற எந்த ஊர்லயாவது மக்கள கூட்டி வச்சு இந்த விலக்கு பத்தி கேட்டாங்களா?

இன்னும் ஒண்ணு. 2021 ஆகஸ்ட்ல வடசென்னை அனல் நிலையத்துல 2.38 லட்சம் டன் நிலக்கரி இருப்புல குறையுதுன்னு அப்ப இருந்த மின்துறை அமைச்சரே சொன்னாரு, மதிப்பு 85 கோடின்னு செய்தி வந்துச்சு. கரண்ட் கட்டணத்துல நிலக்கரி செலவுதான் பெரிய பங்கு. குறைஞ்ச கரிக்கு யார் பொறுப்புன்னு முடிவு பண்ணி, எவ்வளவு திரும்ப வசூல் பண்ணாங்கங்கறதயும் அதே மாதிரி மேடை போட்டு சொல்லணும். இல்லேன்னா அந்தக் காசும் நம்ம யூனிட் ரேட்டுக்குள்ளதான் உக்காந்திருக்கும்.

---

சூரமங்கலம்_77 எழுதியது:

எல்லாரும் சுத்தி சுத்தி பேசறீங்க. விவசாயத்துக்கு இலவசம், தறிக்கு இலவசம், வீட்டுக்கு 100 யூனிட் இலவசம். இத நிறுத்துனா மின்வாரியக் கடன் அடையும், லைன் மாத்த காசு இருக்கும். ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல கடன் இருக்கற இடத்துல போய் டிரான்ஸ்ஃபார்மர் கேட்டா எங்க இருந்து வரும்?

---

வாழப்பாடி_மரவள்ளி எழுதியது:

சூரமங்கலம் அண்ணனுக்கு. நான் மரவள்ளி போடறவன், இலவச மின்சாரத்துல மோட்டார் ஓட்டறவன், அதனால பதில் சொல்ற கடமை இருக்கு.

1990ல இருந்து எல்லா விவசாயிக்கும் இலவசம். சும்மா கொடுக்கல, அதுக்கு உண்டான காச அரசாங்கம் மானியமா மின்வாரியத்துக்கு கட்டணும். எவ்வளவு கட்டணும்னு எப்படி முடிவு பண்றாங்க தெரியுங்களா? பெரும்பாலான விவசாய இணைப்புல மீட்டரே கிடையாது. குதிரைத்திறன வச்சு ஒரு மதிப்பீடுதான். நான் எத்தன யூனிட் எடுத்தேன்னு எனக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. லைன்ல வீணாப் போனது எவ்வளவு, திருட்டுல போனது எவ்வளவு, விவசாயி எடுத்தது எவ்வளவுன்னு பிரிச்சு பாக்க வழியே இல்ல. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்வாங்கல்ல, அப்படி கணக்குல இடிக்கறது எல்லாத்தையும் பம்புசெட் தலைல கட்டிரலாம்.

மீட்டர் வைக்க நான் ரெடிங்க. எங்காளுங்க நெறைய பேர் எதிர்ப்பாங்க, மீட்டர் வந்தா நாளைக்கே பில்லு வரும்ங்கற பயம், அந்த பயத்துல நியாயம் இருக்கு, அதுக்காக உயிர விட்ட வரலாறே தமிழ்நாட்டு விவசாயிக்கு இருக்கு. அதனால மொதல்ல இலவசம் தொடரும்னு சட்டமா எழுதிக் கொடுத்துட்டு மீட்டர் வைக்கட்டும், இல்லேன்னா டிரான்ஸ்ஃபார்மர்லயாவது மீட்டர் வைக்கட்டும், தனித்தனியா வேண்டாம். அப்ப உண்மை தெரியும். போர் ஆயிரம் அடி போயிருச்சு எங்க பக்கம், மும்முனை கரண்ட் வர்ற நேரம் பாத்து அர்த்த ராத்திரில வரப்புல பாம்பு பல்லிக்கு நடுவுல போய் மோட்டார் போடறோம். இலவசம்னு வாங்கறது இந்தத் தரத்துலதான் வருது.

கடன பத்தி சொன்னீங்க. 2017 ஜனவரில, மின்வாரியக் கடன சரி பண்ண மத்திய அரசு கொண்டு வந்த உதய் திட்டத்துல சேந்து 22,815 கோடி கடன மாநில அரசே தன் தலைல ஏத்துக்கிச்சு. அப்புறமும் கடன் ஏறத்தான் செஞ்சிருக்கு. ஏன் ஏறுச்சுன்னா விவசாயி மட்டுமா காரணம்? வெளில வாங்கற கரண்ட் விலை என்ன, எந்த ஒப்பந்தத்துல எத்தன வருஷத்துக்கு மாட்டியிருக்கோம், அதையும் வரிசையா வெளில வைக்கணும்ல. 2012 மறந்துருச்சா, சென்னைக்கு ரெண்டு மணி நேரம் கட், நமக்கு பாதி நாளுக்கு மேல கட். அன்னிக்கு தறியும் ஜவ்வரிசி மில்லும் டீசல்ல ஓடுனது எந்த இலவசத்தால?

---

சட்டம்_படிக்கறேன் எழுதியது:

சேர்வராயன் அண்ணா, உங்க கேள்விக்கு நேரா வர்றேன். விதி இருக்கான்னு கேட்டீங்க. இருக்கு. 2003 மின்சார சட்டத்துல 57ஆவது பிரிவு, சப்ளை எந்தத் தரத்துல இருக்கணும்னு ஆணையம் நிர்ணயிக்கணும், அந்தத் தரம் தவறுனா பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு கொடுக்கணும்னு சொல்லுது. 59ஆவது பிரிவு, எந்த அளவுக்கு தரத்த எட்டுனாங்கங்கற விவரத்த நிறுவனம் ஆணையத்துக்கு கொடுக்கணும், ஆணையம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வெளியிடணும்னு சொல்லுது. 2020 டிசம்பர்ல வந்த மத்திய அரசோட நுகர்வோர் உரிமை விதிகள்ல, சில விஷயத்துல இழப்பீடு கேக்காமலே தானா வரணும்னு இருக்கு. கரண்ட் போனது, வோல்டேஜ் சரியில்லாதது, புதுசா இணைப்பு கொடுக்க லேட் ஆனது, இதுக்கெல்லாம் தமிழ்நாட்டு ஒழுங்குமுறைல தனித்தனியா கெடு இருக்கு, தவறுனா தொகை இருக்கு. தொகை ரொம்ப சின்னது, உங்க காப்பி நஷ்டத்துக்கு ஒரு மூலைக்கும் காணாது. ஆனா கேட்டு வாங்குனா அது ஃபைல்ல ஏறும், தரம் தவறுச்சுன்னு அவங்களே எழுத்துல ஒத்துக்கிட்ட மாதிரி, அதுதான் உங்களுக்கு வேணும்.

எங்க போகணும்னா, மொதல்ல புகார் நம்பர். அப்புறம் கோட்ட அளவுல மாசாமாசம் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும், மேற்பார்வைப் பொறியாளர் வருவார், மனு கொடுத்து ரசீது வாங்குங்க. அதுல முடியலேன்னா மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். இதுல எனக்கு ஒரு வருத்தம் உண்டு, மன்றத்துக்கு தலைமை அதே நிறுவனத்தோட அதிகாரிதான், யார் மேல புகாரோ அவங்க வீட்டு ஆளே தீர்ப்பு சொல்ற மாதிரி ஏற்பாடு. இருந்தாலும் அத தாண்டுனாதான் சென்னைல இருக்கற மின்குறைதீர்ப்பாளர்கிட்ட போக முடியும், அவர ஆணையம் நியமிக்குது, அதனால அந்தப் படிய விட்டுறாதீங்க.

லைன்மேன் ஐயா சொன்ன லாக் ஷீட்டுக்கு தகவல் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத்தகவல் அலுவலருக்கு அனுப்புங்க, 30 நாள்ல பதில் வரணும். வரலேன்னா 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கும் அசையலேன்னா 90 நாளுக்குள்ள மாநில தகவல் ஆணையம். கேள்விய "ஏன் அடிக்கடி கரண்ட் போகுது"ன்னு கேக்காதீங்க, அதுக்கு கருத்து சொல்ல மாட்டோம்னு பதில் வரும். "இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரை இந்த ஃபீடரோட மின்தடை பதிவேட்டு நகல்"னு ஆவணத்த கேளுங்க.

கட்டணம் ஏத்தறத பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். 2022 ஆகஸ்ட்ல ஆணையம் மக்கள் கருத்து கேட்டது கோயம்புத்தூர், மதுரை, சென்னைல. சேலம், தர்மபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரிக்காரங்க வேலைய விட்டுட்டு கோயம்புத்தூர் போய் டோக்கன் வாங்கி உக்காந்து பேசணும். தறிக்காரரும் கொலுசுக்கார அக்காவும் ஒரு நாள் கூலிய விட்டுட்டு போவாங்களா? அதுக்கப்புறம் வந்த வருஷாந்திர ஏத்தம் குறியீட்டுப்படி தானா நடக்கறது, மறுபடி கூட்டம் கூட கிடையாது. அடுத்த பெரிய கட்டண மனு வர்றப்ப சேலத்துலயும் ஒரு கூட்டம் வைக்கணும்னு இப்பவே ஆணையத்துக்கு எல்லாரும் கடிதம் போடணும். எழுதித் தர நான் தயார்.

---

பனங்காட்டுக் கொலுசு எழுதியது:

அம்மா சட்டம் படிக்கறவங்களே, நல்லா இருப்பீங்க. சேலத்துல கூட்டம் வச்சா எங்க தெருவே வரும்.

அண்ணா, சோலார் போடலாமேன்னு எங்கண்ணன் கேக்கறாரு, 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 மானியம் தருதாம்ல?

---

சேர்வராயன்_காப்பி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரம் எதிர்பாக்கல.

சோலார் பத்தி விசாரிச்சிருக்கேன் அக்கா. மானியம் உண்மைதான், டவுன்ல மொட்டை மாடி இருக்கறவங்க போடலாம், பில்லு நல்லாவே குறையும், உங்களுக்கு 500 தாண்டற பிரச்சனையும் தீரும். எனக்கு ஒத்து வராது, ஏன்னா அந்த மானியத்துல வர்றது லைனோட சேந்து ஓடற சிஸ்டம், லைன்ல கரண்ட் போச்சுன்னா இன்வெர்ட்டரும் நின்னுரும், கம்பத்துல வேலை பாக்கறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க, அது சரிதான். பேட்டரி தனியா வாங்கணும், மூணு ஃபேஸ் மோட்டார் ஓடற அளவுக்கு பேட்டரின்னா எங்க சக்திக்கு மீறுனது. டிசம்பர்ல காலைல பத்து மணி வரைக்கும் பனிமூட்டம் வேற. கொஞ்சம் வசதி இருக்கறவங்க ஜெனரேட்டர் வாங்கிட்டாங்க, அவங்க குரல் அதோட நின்னு போச்சு, அதுவும் எனக்கு ஒரு கவலை. கஷ்டப்படறவங்க மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தா யார் காதுல விழும்?

லைன்மேன் ஐயா, நடுவுல இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர்னு சொன்னீங்கல்ல, அத மனுல அப்படியே எழுதலாம்னு இருக்கேன். எங்க ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் சேத்து கையெழுத்து வாங்கறோம். எஸ்டிமேட் ஏற்கனவே போயிருக்கான்னு தகவல் உரிமைல கேக்க முடியுமாங்க தங்கச்சி?

---

சட்டம்_படிக்கறேன் எழுதியது:

முடியும்ண்ணா. "வோல்டேஜ் மேம்பாட்டுக்காக எங்க ஊர் பேர்ல போட்ட எஸ்டிமேட் நகல், அது இப்ப எந்த அலுவலகத்துல எந்தத் தேதில இருந்து நிலுவைல இருக்கு"ன்னு கேளுங்க. யார் மேஜைல நிக்குதுன்னு தெரிஞ்சா அந்த ஆள்கிட்ட நேரா பேசலாம்.

---

ஓய்வு_லைன்மேன் எழுதியது:

தம்பி, மனுல ஊர் பேர் மட்டும் போட்டா தேடவே மாட்டாங்க. உங்க டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்துல வெள்ளையோ மஞ்சளோ பெயிண்ட்ல எஸ்.எஸ். நம்பர், அதாவது அந்த டிரான்ஸ்ஃபார்மரோட அடையாள எண், எழுதியிருக்கும், அது அழிஞ்சிருந்தா உங்க பில்லுல இருக்கற இணைப்பு எண்ண போடுங்க, அத வச்சு எந்த டிஸ்ட்ரிப்யூஷன்னு எடுத்துருவாங்க. ஃபீடர் பேர சப்ஸ்டேஷன்லயே கேட்டா சொல்வாங்க. சாயந்திரம் மோட்டார் போடற நேரத்துல மீட்டர் வச்சு வோல்டேஜ் எவ்வளவு காட்டுதுன்னு பாத்து, டிஸ்ப்ளே தெரியற மாதிரி போட்டோ எடுத்து மனுவோட இணைச்சிருங்க. தேதியும் நேரமும் போட்டோல விழணும்.